கானாவூரைக் காட்டிக் குடிக்கிற கணவர்

கேள்வி: அக்கா, நாங்கள் கிளிநொச்சிப் பக்கம் உள்ள கத்தோலிக்கக் குடும்பம். என் கணவர் மேசன் வேலை செய்கிறார். 2009 இல் அவருடைய தாயும் தம்பியும் ஷெல் விழுந்து செத்த பிறகுதான் குடி கூடியது. முந்தி தவறணையில் கள்ளு மட்டும். இப்போது பின்னேரமானால் அரைப்போத்தல் சாராயம், காசில்லாத நாளில் களவாகக் காய்ச்சின கசிப்பு. காலையில் கை நடுங்குகிறது, ஒரு மிடறு உள்ளே போனால்தான் மேசன் கரண்டி பிடிக்கலாம் என்கிறார். கை நீட்டுவதில்லை. ஆனால் சோற்றுக் கோப்பையைத் தூக்கி எறிந்திருக்கிறார், பிள்ளைகள் பயப்படுகிறார்கள். கேட்டால், “இயேசுவே கானாவூரில் ஊற்றிக் கொடுத்தவர்” என்கிறார். “மனம் கசந்தவனுக்குக் குடிக்கக் கொடு என்று பைபிளிலேயே இருக்கு” என்றும் காட்டுகிறார். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற என் தங்கச்சியின் பாஸ்டர், ஒரு சொட்டும் பாவம், மூன்று நாள் உபவாச ஜெபத்துக்குக் கூட்டி வாருங்கள், அன்றோடு விடுதலை என்கிறார். எங்கள் பங்குச் சுவாமியோ அளவோடு குடித்தால் பாவமில்லை என்று பிரசங்கத்தில் சொன்னார். யார் சொல்வது சரி? வாற மாதம் மகளுக்கு முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வருகிறவர்களுக்குப் போத்தல் வைக்காவிட்டால் மரியாதையில்லை என்று நிற்கிறார். அவர் குடியை விட்டால் பிறகு கோயில் பூசையில் திராட்சை இரசம் வாங்கலாமா என்றும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

வேதாகமக் கேள்விகளுக்குப் போகுமுன் ஒரு காரியம். அந்த மூன்று நாள் உபவாசத்துக்கு அவரை இப்போதைக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

ஜெபத்துக்கு எதிராக இதைச் சொல்லவில்லை. நானும் இறையியல் படித்துவிட்டுத்தான் உளவளத்துணை வேலைக்கு வந்தவள். காலையில் கை நடுங்குகிறது, ஒரு மிடறு போனால்தான் கரண்டி பிடிக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அந்த ஒரு வரிதான் காரணம். அது பழக்கம் என்ற கட்டத்தைத் தாண்டி, மது இல்லாமல் உடம்பே இயங்காத நிலைக்கு வந்துவிட்டதன் அடையாளம். மது மூளையை அமத்தி வைக்கும். வருடக்கணக்காக அப்படி அமத்தினால், ஈடு கொடுப்பதற்காக மூளை வேகமாக ஓடப் பழகிவிடும். திடீரென்று மதுவை எடுத்துவிட்டால் அந்த வேகம் மட்டும் மிஞ்சி நிற்கும். கடைசியாகக் குடித்து ஆறேழு மணித்தியாலத்தில் நடுக்கம், வியர்வை, ஓங்காளம், நெஞ்சுப் படபடப்பு எல்லாம் தொடங்கும். 48 மணித்தியாலத்துக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத ஆட்களோடு கதைப்பார்கள், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், உடம்பு கொதிக்கும். வைத்தியம் இல்லாமல் விட்டால் உயிர் போகவும் கூடும்.

பாஸ்டர் சொல்கிற மூன்று நாளும் இந்த ஆபத்தான மூன்று நாளும் ஒன்றுதான். ஜெபக் கூட்டத்தில் ஒருவர் இல்லாத ஆளைப் பார்த்துக் கத்தத் தொடங்கினால், பிசாசு வெளியேறுகிறது என்று நினைத்து இன்னும் உரக்க ஜெபிக்கத்தான் பலருக்குத் தோன்றும். ஓட்டோ பிடிக்கத் தோன்றாது. அதோடு பட்டினி வேறு. தொடர்ந்து குடிக்கிறவர்களின் உடம்பில் பி1 வைட்டமின் ஏற்கெனவே குறைவாகத்தான் இருக்கும். சாப்பாடும் நின்றால் அது மூளையையே நிரந்தரமாகப் பழுதாக்கிவிடலாம்.

அதனால் முதலில் வைத்தியசாலை. கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். தூரம் என்றால் பக்கத்து ஆஸ்பத்திரி ஓ.பி.டி.யில் சொன்னாலே அனுப்பிவைப்பார்கள். “விசர் ஆஸ்பத்திரிக்கா என்னைக் கூட்டிப் போகிறாய்” என்று அவர் குதிப்பார். கை நடுக்கத்துக்கு மருந்து எடுக்கத்தான் போகிறோம் என்று சொல்லுங்கள், அது பொய்யில்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறார், கசிப்பும் சேருகிறதா, கடைசியாக எப்போது குடித்தார், முந்தி எப்போதாவது வலிப்பு வந்ததா, இவற்றை ஒளிக்காமல் டொக்டரிடம் சொல்ல வேண்டும். நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கி, சில நாளில் மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தும் மருந்து இருக்கிறது. வைட்டமினும் கொடுப்பார்கள். போக முன்னர் யாரோடாவது கதைக்க வேண்டுமென்றால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். வீட்டில் வலிப்போ புத்தித் தடுமாற்றமோ வந்தால் யோசிக்காமல் 1990 அம்புலன்ஸ்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் வரைக்கும் போத்தலை ஒளிக்காதீர்கள், ஊற்றிக் கொட்டாதீர்கள். கேட்க உங்களுக்கு விசித்திரமாக இருக்கும், ஆனால் காரணம் மேலே சொன்னதுதான். இன்னொன்று, அவருக்குத் தெரியாமல் சோற்றில், தேத்தண்ணியில் கலக்கச் சொல்லி யாராவது குடியை நிறுத்தும் குளிசை தந்தால் வாங்காதீர்கள். அந்தக் குளிசை உடம்பில் இருக்கும்போது குடித்தால் இரத்த அழுத்தம் விழுந்து ஆளே போய்விடலாம். டொக்டர் எழுதி, குடிக்கிறவரே சம்மதித்து எடுக்க வேண்டிய மருந்து அது.

பாஸ்டரிடம் கோபித்துக்கொள்ளவும் தேவையில்லை. வார்டில் உங்கள் கணவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து ஜெபிக்கச் சொல்லுங்கள். நல்ல மனிதர் என்றால் வருவார்.

சரி, இனி கானாவூர். கலியாண வீட்டில் திராட்சை இரசம் முடிந்தபோது, கற்சாடிகளில் இருந்த தண்ணீரை இயேசு இரசமாக மாற்றிய ஊர்.

அந்த விஷயத்தில் உங்கள் கணவரோடு வாதாடப் போகாதீர்கள், தோற்றுப்போவீர்கள். இயேசு கொடுத்தது வெறும் பழச்சாறு என்று சில சபைகளில் போதிப்பார்கள். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் நிற்காது. சுண்ணாம்பு தடவாத முட்டியில் இறக்கின பனஞ்சாறு பின்னேரத்துக்குள் கள்ளாகிவிடுகிறது என்பது வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில், அந்த வெயிலில், பிழிந்த திராட்சையும் அப்படித்தான் புளித்திருக்கும். பந்தி விசாரிப்புக்காரனும் மணமகனைக் கூப்பிட்டு, எல்லாரும் நல்லதை முதலில் வைத்து, ஆட்கள் நன்றாகக் குடித்த பிறகு மட்டமானதை வைப்பார்கள், நீ நல்லதைக் கடைசிவரை வைத்திருக்கிறாயே என்று சொல்கிறான். பழச்சாறுக்கு யாரும் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. ஆகவே மது என்ற வரைக்கும் அவர் சொல்வது சரி.

அந்தச் சாடிகளில் இருந்தது என்ன, அது எத்தனை பேருக்கு என்பதைத்தான் அவர் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்ளும் ஆறு கற்சாடிகள். இன்றைய கணக்கில் 500 முதல் 700 லீட்டர் வரை வரும். அது பல நாள் நடக்கிற கலியாணத்துக்கு ஊரே கூடியிருந்த வீட்டில், ஊருக்கே பரிமாறியது. அந்தக் காலத்தில் மதுவைத் தண்ணீர் கலந்துதான் பெரும்பாலும் குடித்தார்கள். உங்கள் கத்தோலிக்கப் பைபிளிலேயே மக்கபேயர் இரண்டாம் நூலின் கடைசி வசனங்களைப் பாருங்கள், தண்ணீரோடு கலந்த திராட்சை மதுவே சுவையானது என்று இருக்கிறது. (பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற உங்கள் தங்கச்சியின் பைபிளில் அந்த நூலைத் தேட வேண்டாம், அதில் இல்லை.) திராட்சை தானாகப் புளித்தால் எவ்வளவுதான் போனாலும் 15 சதவீதம் தாண்டுவது அரிது. அதில் இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்தால் 4, 5 சதவீதம், ஏறக்குறைய நம் கள்ளளவு. வடித்து எடுக்கும் சாராயம் அன்றைக்குப் பலஸ்தீனாவில் கிடையாது. அந்த வித்தை பரவியது பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு.

இனி அவருடைய அரைப்போத்தலை எடுத்துக்கொள்ளுங்கள். 375 மில்லி லீட்டர், லேபலில் 33 சதவீதத்துக்குக் கிட்டப் போட்டிருக்கும். அதற்குள் சுத்த மது மட்டும் 100 கிராம் அளவில் இருக்கிறது. கானாவூரில் தண்ணீர் கலந்து குடித்த ஒருவர் இந்த அளவுக்கு வர வேண்டுமென்றால் ஏறக்குறைய மூன்று லீட்டர் குடித்திருக்க வேண்டும். அதுவும் ஒவ்வொரு பின்னேரமும். கசிப்புக்கு இந்தக் கணக்கும் போட முடியாது. வடிக்க முன்னர் ஊறவைக்கிற கோடாவில் என்ன போட்டார்கள், எத்தனை சதவீதம் வடிந்தது என்பது காய்ச்சினவனுக்கே தெரியாது.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய வசனத்தையும் ஒரு நாள் அவர் கொண்டுவருவார், ஆயத்தமாக இருங்கள். “தண்ணீர் மாத்திரம் குடியாமல், உன் வயிற்றிற்காகவும்... கொஞ்சம் திராட்சரசமும் கூட்டிக்கொள்” என்பது. அதிலிருந்தே தெரிகிறது, தீமோத்தேயு அதுவரை தண்ணீர் மட்டும்தான் குடித்துவந்த ஆள். வயிற்று வருத்தத்துக்காகக் ‘கொஞ்சம்’ குடி என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இன்றைக்கு வயிற்று வருத்தத்துக்கு வேறு மருந்து இருக்கிறது. உடல்நலத்தைப் பொறுத்தவரை பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது.

ஆனால் அவர் காட்டுகிற மற்ற வசனத்தை, மனம் கசந்தவனுக்குக் கொடு என்பதை, நான் இப்படி லேசாகத் தள்ள மாட்டேன். அது நீதிமொழிகள் 31 இல் இருக்கிறது. “மடிந்துபோகிறவனுக்கு மதுபானத்தையும், மனங்கசந்தவர்களுக்குத் திராட்சரசத்தையும் கொடுங்கள், அவன் குடித்துத் தன் குறைவை மறந்து, தன் வருத்தத்தை அப்புறம் நினையாதிருப்பானாக.” வன்னியில் இதை வாசிக்கிறபோது தொண்டை அடைக்காத ஆள் யார்? இதைத் தேடிக் கண்டுபிடித்து வைத்திருக்கிறவர் குடிப்பதற்குச் சாட்டுத் தேடுகிறவர் மட்டுமில்லை, தங்கச்சி. தாயையும் தம்பியையும் பற்றி இவ்வளவு வருடமும் வீட்டில் ஒரு சொல் சொல்லாத மனிதர், இந்த வசனத்தைக் காட்டித்தான் உங்களிடம் அதைச் சொல்கிறார் என்று எனக்குப் படுகிறது. அடுத்த முறை அவர் அதை எடுத்தால் வாதாடாமல், “அம்மாவை நினைத்தா சொல்கிறீர்கள்?” என்று கேட்டுப்பாருங்கள். குடித்திருக்கும்போது வேண்டாம். காலையில், அவர் நிதானமாக இருக்கும் நேரத்தில்.

அந்த அதிகாரம் ஒரு தாய் மகனுக்குச் சொல்கிற புத்தி. லேமுவேல் என்ற ராஜாவுக்கு அவனுடைய தாய் சொல்கிறாள். முதலில், ராஜாக்களுக்கு மது தகாது, குடித்தால் நியாயத்தை மறந்துவிடுவார்கள் என்கிறாள். பிறகுதான் மடிந்துபோகிறவனைப் பற்றிய அந்த வரி வருகிறது, மரணத் தறுவாயில் இருக்கிறவனின் நோவுக்குக் கொடுக்கிற மருந்தாக. உடனே அடுத்த வசனம், “ஊமையனுக்காகவும் திக்கற்றவர்கள் எல்லாருடைய நியாயத்துக்காகவும் உன் வாயைத் திற.” அதாவது பொறுப்பு உள்ளவன் குடிக்கிற பக்கத்தில் இல்லை. பிள்ளைகளின் தகப்பன் அந்த அதிகாரத்தில் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை அவரே வாசித்துப் பார்க்கட்டும். ஒரு வசனத்தோடு மூடிவிடாமல் மூன்று வசனமும் வாசிக்கச் சொல்லுங்கள், போதும்.

இந்த இடத்தில் எனக்கு நோவா நினைவுக்கு வருவார். பேழையையும் மிருகங்களையும் ஞாயிறு பள்ளியில் படமாக வரைய விடுவார்கள், அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லிக்கொடுப்பதில்லை. உலகமே அழிந்துபோன பிறகு தரையில் கால் வைத்த மனிதன், நிலத்தைக் கொத்தி, திராட்சைத் தோட்டம் போட்டு, அதைப் பிழிந்து குடித்து, கூடாரத்துக்குள் துணியில்லாமல் விழுந்து கிடக்கிறார். ஆதியாகமம் 9 ஆம் அதிகாரம். பைபிளில் குடித்து வெறித்த முதல் ஆள் அவர்தான். மெனிக்பாம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து, தகரக் கொட்டில் போட்டு, கிணறு இறைத்துத் துப்புரவாக்கி, காணி துப்புரவாக்கி, எல்லாம் முடிந்த பின்னேரத்தில் போத்தலைத் திறந்த எங்கள் ஊர் ஆண்கள் எத்தனை பேர்? ஏன் குடித்தார் என்று வேதாகமம் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. அவருடைய நிலையைப் பார்த்து வெளியே போய்ப் பேசிய மகனும் அங்கே இருக்கிறான், முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்ப் போர்வையால் மூடிய இரண்டு மகன்மாரும் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை இந்த வயதிலேயே சொல்லலாம். அப்பாவுக்கு வருத்தம், அதற்கு மருந்து எடுக்கிறோம் என்று சொன்னால் அவர்களுடைய பயம் கொஞ்சம் குறையும்.

நித்திரைக்காகக் குடிக்கிறேன் என்றும் அவர் சொல்லக்கூடும், பலர் சொல்வார்கள். மது ஆளைச் சட்டென்று தூக்கத்தில் போடும் என்பது உண்மை. ஆனால் நடுச்சாமத்தில் அது இறங்கும்போது தூக்கம் கலைந்து, கனவுகள் இன்னும் கூடிக்கொண்டு வரும். ஷெல் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு எழும்புகிறவருக்கு மருந்து வேறு, அதையும் அதே மனநலப் பிரிவில் கேட்கலாம். குடியை மட்டும் நிறுத்தி அந்தக் கனவுகளை அப்படியே விட்டால் திரும்பவும் தவறணைதான்.

இனி, பாஸ்டரா சுவாமியாரா சரி என்ற கேள்வி.

கத்தோலிக்கத் திருச்சபை மதுவைப் பாவம் என்று சொல்வதில்லை, அளவு மீறுவதைத்தான் பாவம் என்கிறது. அதன் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி ஏட்டின் 2290 ஆம் பத்தியில், உணவு, மது, புகையிலை, மருந்து எதிலும் மட்டுமீறலைத் தவிர்க்க வேண்டும் என்று இருக்கிறது. குடித்துவிட்டு வீதியில் தன் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்தை வருவிக்கிறவர் பாரதூரமான குற்றத்துக்கு ஆளாகிறார் என்றும் அதிலேயே இருக்கிறது. வெறியில் மோட்டார் சைக்கிளை ஏ9 வீதியில் ஏற்றுகிற ஒவ்வொருவருக்கும் இதை வாசித்துக் காட்டலாம். அங்கிலிக்கன் சபையும் ஏறக்குறைய இதே நிலைதான். மெதடிஸ்த சபையின் கதை வேறு. ஜோன் வெஸ்லி 1743 இல் எழுதிய விதிகளில் சாராய வகைகளை வாங்குவதும் விற்பதும் குடிப்பதும், மிக அவசியமான நேரம் தவிர, விலக்கப்பட்டிருந்தன. ஆனால் அவரே வைனையும் பியரையும் அப்படி விலக்கவில்லை. 19 ஆம் நூற்றாண்டில் மதுவிலக்கு இயக்கம் பரவியபோதுதான் அந்தச் சபைகள் முழு மதுவிலக்குப் பக்கம் திரும்பின. 1869 இல் அமெரிக்காவில் தோமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்தப் பல் வைத்தியர், திருவிருந்துக்கென்றே திராட்சைச் சாற்றைப் புளிக்காமல் சூடாக்கிப் போத்தலில் அடைக்க வழி கண்டுபிடித்தார். இரட்சணிய சேனையில் உறுப்பினராகச் சேருகிறவர்கள் மதுவைத் தொட மாட்டோம் என்று உறுதி எடுக்க வேண்டும். பெந்தெகொஸ்தே சபைகள் அந்தப் பரிசுத்த இயக்கங்களின் வழியில் வந்தவை, அதனால் ஒரு சொட்டும் கூடாது என்கிறார்கள். மதுவைத் தொடாமல் கடவுளுக்கென்று நேர்ந்துகொள்ளும் நசரேய விரதத்தையும், பிறக்க முன்னரே மது விலக்கப்பட்ட யோவான் ஸ்நானகனையும், திராட்சரசம் குடிக்கவே மாட்டோம் என்று நின்ற ரேகாபியரையும் காட்டுவார்கள். அதுவும் வேதாகமத்தில் உள்ளதுதான்.

ஆகவே குடிக்காத கிறிஸ்தவனும் இருக்கிறான், மட்டாகக் குடிக்கிற கிறிஸ்தவனும் இருக்கிறான், இரண்டு பேருக்கும் வசனம் உண்டு. என்னைக் கேட்டால், இன்றைக்கு வன்னியில் தவறணையும் சாராயக்கடையும் கசிப்பும் செய்திருக்கிற வேலையைப் பார்த்த பிறகு, நான் பாஸ்டர் பக்கம்தான் சாய்வேன். ஒரு சொட்டும் பாவம் என்பதற்காக அல்ல. பக்கத்தில் இருக்கிறவன் விழுவான் என்றால் இறைச்சியும் வேண்டாம் மதுவும் வேண்டாம் என்று ரோமர் 14 இல் பவுல் சொன்னதற்காக.

ஆனால் இந்தப் பிணக்கு உங்கள் வீட்டுப் பிணக்கு இல்லை, தங்கச்சி. சபைகள் பிரிவது குடிக்கலாமா என்பதில். வெறிக்கலாமா என்பதில் எந்தச் சபையும் பிரிந்ததில்லை. “துன்மார்க்கத்திற்கு ஏதுவான மதுபான வெறிகொள்ளாமல்” என்ற எபேசியர் வசனத்தைச் சுவாமியாரும் வாசிக்கிறார், பாஸ்டரும் வாசிக்கிறார். “ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்” என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதையும் அப்படித்தான். காலையில் கரண்டி பிடிக்கவே ஒரு மிடறு தேவைப்படுகிறவர் எந்தச் சபையின் கணக்கிலும் அளவோடு குடிக்கிறவர் ஆக மாட்டார். பாஸ்டரும் சுவாமியாரும் முரண்படுகிறார்கள் என்று நீங்கள் நினைக்கும் மட்டும் அவருக்கு இரண்டுக்கும் நடுவில் ஒளிக்க இடம் கிடைக்கும். சுவாமியாரிடம் நேரே போய், “அளவோடு என்று நீங்கள் சொன்னதை என் மனுசன் தனக்குச் சொன்னதாக எடுத்திருக்கிறார்” என்று சொல்லுங்கள். அவர் வீட்டுக்கு வந்து, உனக்கு அந்த அளவு இனிக் கிடையாது என்று ஒரு வார்த்தை சொன்னால், அது நூறு பிரசங்கத்துக்குச் சமம். தவக்காலத்தில் இவர் குடியை விட்டிருக்கிறாரா? நாற்பது நாளும் விட்டுவிட்டு, உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்த கையோடு தவறணைக்குப் போகிற ஆட்கள் எங்களிடம் நிறைய. அவர்கள் உடம்பால் விடக்கூடியவர்கள். இவர் முயன்று, ஒரு நாளில் நடுக்கம் தாங்காமல் விட்டிருந்தால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

புனித மோனிக்காவைப் போலப் பொறுமையாக இரு, ஜெபி என்று அன்னம்மா அக்காவோ மேரி மாமியோ உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். எல்லாக் குடிகாரன் மனைவிக்கும் சொல்வார்கள். மோனிக்காவின் மற்றக் கதையைச் சொல்ல மாட்டார்கள். சின்ன வயதில், வீட்டுப் பீப்பாயிலிருந்து வைன் எடுத்துவர அனுப்பினால், உதட்டில் ஒரு துளி, நாளைக்கு இரண்டு துளி என்று தொடங்கி, கிண்ணம் நிறையக் குடிக்கும் அளவுக்கு வந்துவிட்டார். அதை நிறுத்தியது கூடப் போகிற வேலைக்காரப் பெண். ஒரு நாள் சண்டையில், குடிகாரி என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அன்றோடு மோனிக்கா விட்டார். மகன் அகுஸ்தீனாரே எழுதி வைத்திருக்கிறார். பொறுமையும் வேண்டும்தான், ஆனால் வாய் திறக்காமல் இருப்பது பொறுமை இல்லை. கை நீட்டுவதில்லை என்கிறீர்கள், நல்லது. ஆனால் எறிந்த கோப்பை ஒரு நாள் பிள்ளையின் தலையில் படலாம். அப்படி ஒரு இரவு வந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுங்கள், அதைப் பாவம் என்று எவரும் சொல்ல விடாதீர்கள். 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீதிமன்றத்திடம் பாதுகாப்புக் கட்டளை கேட்க இடமுண்டு. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

முதல் நன்மைக் கொண்டாட்டத்துக்குப் போத்தல் வைக்க வேண்டாம். வெள்ளைச் சட்டையும் முடியும் போட்டுக்கொண்டு பிள்ளை முன் முற்றத்தில் கேக் வெட்டும்போது, வீட்டுக்குப் பின்னால் வாழைக்குள் நாலு மோட்டார் சைக்கிளும் பிளாஸ்டிக் கப்பும் சோடாப் போத்தலுமாக ஆம்பிளைகள் நிற்கிற காட்சி எங்கள் வீடுகளில் எல்லாரும் பார்த்ததுதான். அன்றைக்கு வைத்தியம் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகாத மனிதரை அந்தக் கூட்டத்துக்குப் போத்தல் உடைத்துக் கொடுக்கும் வீட்டுக்காரராக நிற்க வைப்பதை நினைத்துப் பாருங்கள். மரியாதை என்கிறார் அல்லவா, அதற்கு வழி இருக்கிறது. ஆட்டிறைச்சிக் கறியோடு பகல் சாப்பாடு கொடுத்து, மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள். பின்னேரப் பொழுதை விட்டால்தான் போத்தல் வரும். அவருடைய அண்ணன்மாருக்கு முன்னமே சொல்லி வையுங்கள், அவர் மருந்து எடுக்கிறார், ஒருவரும் கொண்டுவர வேண்டாம் என்று. நீங்கள் சொன்னால் கேளாத ஆள் இருந்தால் சுவாமியாரைக் கொண்டு சொல்விக்கலாம். ஐந்தாறு பேர் முகம் சுளிப்பார்கள். சாப்பாடு நன்றாக இருந்தால் அதுவும் மறந்துபோகும்.

கடைசியாக, பூசையில் இரசம். குடியை விட்ட பிறகு அவர் அதை வாங்காமல் இருப்பதுதான் நல்லது. அதனால் எதையும் இழப்பதில்லை. அப்பத்தை மட்டும் வாங்கினாலும் கிறிஸ்துவை முழுமையாகவே வாங்குகிறார் என்பது உங்கள் திருச்சபையின் போதனை. குடியால் பாதிக்கப்பட்ட குருக்களுக்கே, ஆயரின் அனுமதியோடு, நொதிக்க விடாத திராட்சைச் சாற்றில் பூசை வைக்க உரோமாபுரி இடம் கொடுத்திருக்கிறது. உங்கள் பங்கில் சாதாரணமாக அப்பம் மட்டும்தான் கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன். இரசத்தில் தோய்த்துக் கொடுக்கிற நாட்களில், வேண்டாம் என்று வரிசையில் நின்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருக்கும். சுவாமியாரிடம் போகும்போது இதையும் ஒரு சொல் சொல்லி வையுங்கள், தோய்க்காத அப்பத்தை எடுத்துக் கொடுப்பார்.